பட்டுச்சு சார்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. கோலார் தங்கவயலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவுக்கு இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஓசூரில் எங்களுக்கு அவர் ‘மைன்ஸ் அண்ணன்’. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பத்திலிருந்து வந்தவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

சிப்காட் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி ஒரு கால்பந்து அணியைத் தொடங்கியது. நன்றாக விளையாடுகிறவனுக்கு வேலையும் உண்டு என்று கேள்விப்பட்டு நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தேன். நான் கோல்கீப்பர். தேர்வு ஆட்டம் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு பொட்டலில் நடந்தது. அங்கேதான் அவரை முதலில் பார்த்தேன். அப்போதே அவருக்கு முப்பது நெருங்கியிருக்கும். குள்ளம். தலைக்கும் தோளுக்கும் நடுவே கழுத்து இருப்பதே தெரியாது. கால்களை அகட்டி வைத்து, சேற்றில் நடப்பவர் மாதிரி நடப்பார். இந்த ஆள் எங்கே ஓடப் போகிறார் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். அவர் ஓடவே இல்லை. பந்து வரப்போகிற இடத்தில் முன்கூட்டியே போய் நின்றார். எதிரணி ஆள் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்வதற்குள் பந்து இவர் காலில் இருந்தது.

ஒருமுறை பந்து கோட்டுக்கு வெளியே போனது. விசில் ஊதிக்கொண்டிருந்த பர்சனல் ஆபீசர் எங்கள் பக்கம் கை காட்டினார். பந்தை எறிய வேண்டியது நாங்கள். மைன்ஸ் அண்ணனோ பந்தை எடுத்துக்கொண்டு போய் எதிரணிக்காரனிடம் கொடுத்தார்.

“யோவ், உங்க பந்துய்யா அது. ஏன் குடுக்கற?”

“இல்ல சார். கடைசியா என் முட்டிலதான் பட்டுச்சு சார்.”

ஆபீசர் சிரித்துவிட்டார். வேலை கேட்டு வந்திருக்கிற இடம் அது. ஒவ்வொருவனும் மற்றவன் சட்டையைப் பிடித்து இழுத்தாவது பெயர் வாங்கிவிட வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தோம். அவருக்கு வேலை கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. அவரைப் பிரஸ் ஷாப்பில் போட்டார்கள், என்னை ஸ்டோர்ஸில்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து அறை எடுத்தோம். கோல்கீப்பர் என்பதால் அவருக்கு நான் ‘கோலி’. வீட்டுக்காரரிடம் தெலுங்கு பேசுவார், பால்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். மைதானத்தில் இறங்கினால் மட்டும் ஆங்கிலம். “ஹோல்ட்! ஹோல்ட்! நவ் ரிலீஸ்!” என்பார். சுரங்கத்து வெள்ளைக்காரர்கள் அவர் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன ஆங்கிலம். பந்தைத் தவிர வேறு எதற்கும் அது அவருக்குப் பயன்பட்டதில்லை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் மாலூர் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போவார். திங்கட்கிழமை காலை, மனைவி செய்து கொடுத்த கருவாட்டுத் தொக்குடன் வந்து நிற்பார். அந்த அக்கா ஓசூருக்கு வந்ததே இல்லை. மாமியார், தன் அம்மா இருவருமே அந்த அக்காவின் பொறுப்பில் இருந்தார்கள். தொக்கின் ருசியை வைத்துத்தான் எனக்கு அந்த அக்காவைத் தெரியும்.

பட்டுச்சு சார். இதுதான் அவர் அதிகமாகச் சொன்ன வாக்கியம். ரெஃப்ரி பார்த்தாரா இல்லையா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. எதிரணிக்காரன் காலைத் தட்டிவிட்டிருந்தால் அவரே கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவார். மைதானத்துக்கு வெளியேயும் அப்படித்தான். ஒருமுறை பெங்களூரில் ஆடிவிட்டுத் திரும்பும்போது அத்திப்பள்ளி தாண்டிச் செக்போஸ்ட்டில் வேனை நிறுத்தினார்கள். கர்நாடகச் சரக்கு யாரிடமாவது இருக்கிறதா என்று போலீஸ்காரர் கேட்டார். வேனே மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது. பின்சீட்டிலிருந்து ஒரு கை எழுந்தது.

“சார், பூட்ஸ் பையில ஒண்ணு கீது சார். எங்க கோச்சோடது.”

வெயிலில் எல்லோரையும் இறக்கி நிற்க வைத்தார்கள். கோச் அவரிடம் ஒரு மாதம் பேசவில்லை. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவர் மட்டும் சிரித்ததில்லை. கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்கிற முகம்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். பயிற்சி முடிந்து கெலவரப்பள்ளி அணைக்குக் குளிக்கப் போயிருந்தோம். தண்ணீரில் அன்று சோப்பு நுரை மாதிரி ஏதோ மிதந்ததால் யாரும் இறங்கவில்லை. கரையில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்த மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டே சொன்னார்.

“எங்க நைனா சுரங்கத்துக்கு கீழ வேல செஞ்சாரு. மேல முட்டு குடுக்காமலே தோண்டச் சொல்லிக்கிறான் மேஸ்திரி. பாற எறங்கிடுச்சு. கூட இருந்த ஆளுங்களுக்கு எல்லாம் தெரியும். விசாரணைல இன்னா சொன்னாங்கோ தெரியுமா? அவரு குடிச்சிருந்தாரு, அவரா போய் உள்ள நின்னாருன்னு. எங்க நைனா சாராயத்த மோந்துகூட பாத்ததில்லப்பா.”

“நீங்க எதுவும் செய்யலியாண்ணே?”

“எங்கம்மா ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போய் நின்னுச்சு. ஒருத்தனாவது வாயத் தொறந்து சொல்லுங்கடான்னு. எல்லாரும் நல்லவங்கதான். எனக்குப் பந்து ஆடக் கத்துக்குடுத்த ஆளும் அதுல ஒருத்தரு. கதவ சாத்திக்கினாங்க.”

பூட்ஸை உதறி மாட்டிக்கொண்டு எழுந்தார். 

இனி முனிராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். உத்தனப்பள்ளிக்காரன். அணியில் எங்கள் எல்லோரையும்விடச் சின்னவன். இடது ஓரத்தில் அவன் ஓட ஆரம்பித்தால் மைதானத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள்கூட டம்ளரைக் கீழே வைப்பார்கள். அவன் குடும்பத்தில் எல்லோரும் மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் அவன்தான். ஆனால் வேலை நிரந்தரமாகவில்லை. அவனைப் போல இன்னும் சிலர் அணியில் தற்காலிகமாக இருந்தார்கள். அவனுக்கு ரத்னம்மாவோடு கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

மைன்ஸ் அண்ணனுக்கு அவன்மேல் ஒரு தனிப் பிரியம். பந்து காலுக்கு வந்தால் முதலில் தேடுவது அவனைத்தான். தலையைத் தூக்காமலே அவன் இருக்கும் இடத்துக்குப் பந்தை அனுப்பிவிடுவார். “அவன் ஓடுற சத்தம் எனக்குக் கேக்கும்பா” என்பார்.

கிருஷ்ணகிரியில் ஒரு கோப்பைப் போட்டி. இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டோம். அதற்கு முந்தின வாரம் ஜெனரல் மேனேஜர் கேண்டீனுக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார்: கோப்பையோடு வந்தால் அணியில் இருக்கும் தற்காலிக ஆட்கள் அத்தனை பேருக்கும் வேலை நிரந்தரம். ரத்னம்மா வெங்கட்ரமண சாமிக்குக் காசு முடிந்து வைத்துவிட்டாள்.

முதல் கோலை முனிராஜ் போட்டான். பிறகு அவர்கள் ஒன்று போட்டார்கள். சமனில் முடிந்தால் முந்தைய ஆட்டங்களின் கணக்கில் கோப்பை எங்களுக்குத்தான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் கோலுக்கு முன்னால் ஒரு குவியல். யார் கால், யார் தலை என்று தெரியாத தள்ளுமுள்ளு. நான் கீழே விழுந்து கிடந்தேன். பந்து எங்கேயோ பட்டுத் திரும்பி, கோலுக்கு மேலே வெளியே போனது. ரெஃப்ரி கார்னர் என்று கை காட்டினார். எதிரணியில் ஒருவன்கூட எதுவும் கேட்கவில்லை. கார்னர் அடிக்க ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான்.

அவர் கையைத் தூக்கினார்.

நான் எழுந்து, “அண்ணே, வேண்டாம்ணே” என்றேன். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கையைத் தூக்கியபடியே ரெஃப்ரியிடம் நடந்தார்.

“சார், முழங்கைக்குக் கீழ பட்டுச்சு சார்.”

ரெஃப்ரிக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. “நான் பாக்கலயேப்பா” என்றார்.

“பட்டுச்சு சார்.”

பெனால்டி. நான் வலப்பக்கம் பாய்ந்தேன். பந்து இடப்பக்கம் போனது. அவ்வளவுதான்.

பரிசளிப்பில் ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து, இப்படி ஒரு நேர்மையான ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை என்று பேசி, அவருக்குச் சால்வை போர்த்தினார். கூட்டம் கைதட்டியது. அந்தச் சால்வையை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார்.  சூளகிரி வந்ததும் முனிராஜ் எழுந்து வந்து அவர் முன்னால் நின்றான்.

“ஏண்ணா, அவங்க கேட்டாங்களா? ஒருத்தனாவது கேட்டானா? நீயா போயி ஏண்ணா சொன்ன?”

“பட்டுச்சுடா முனி.”

“பட்டா பட்டுட்டுப் போவுது! என் வயித்துல பட்டுச்சே, அது தெரியலயா உனக்கு? நீ பர்மனென்ட்டு. உனக்கு சால்வ போடுவாங்கோ. எனக்கு?”

 முனிராஜ் அந்தச் சால்வையைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தான். வேன் நிற்கவில்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தற்காலிக ஆட்களைக் கம்பெனி அந்த வருடமே நிறுத்தியது. கோப்பை வந்திருந்தால் நிரந்தரமாக்கியிருப்பார்களா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் வயிற்றில் அடி வாங்கியவனிடம் அதைச் சொல்ல முடியாது. கொஞ்ச நாளில் அணியையே கலைத்துவிட்டார்கள். நான் ஸ்டோர்ஸில் தங்கிவிட்டேன். அவர் பிரஸ் ஷாப்பில் செட்டர் ஆனார். பிரஸ் மெஷினில், தகட்டை வெட்டி வளைக்கிற அச்சான டையைப் பொருத்தி, சரிபார்த்து, ஓட்டுகிறவனிடம் ஒப்படைக்கிற வேலை.

முனிராஜ் ரோஜாப் பண்ணை, செங்கல் சூளை, லாரி ஷெட் என்று அலைந்தான். அவர் அவனை மறக்கவில்லை. ஒவ்வொரு சூப்பர்வைசர் மாறும்போதும் போய் நிற்பார். “நல்ல பையன் சார். ஒரு எடம் குடுங்க சார்.” சில வருடங்கள் இப்படிக் கேட்டுக் கேட்டு, கடைசியில் கான்ட்ராக்ட் ஆளாக முனிராஜை உள்ளே கொண்டுவந்துவிட்டார். அதே பிரஸ் ஷாப். அவன் வந்த அன்று அவர் கேண்டீனில் என்னிடம் வந்து, “முனி வந்துட்டாம்பா” என்றார். அவர் பல்லைக் காட்டிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பிரஸ் மெஷினைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அதில் இரண்டு பட்டன்கள். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருந்து டை இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் கை உள்ளே மாட்டாது. அதற்காக வைத்த ஏற்பாடு. ஆனால் ஒரு பட்டனை அமுக்கியபடி டேப் சுற்றிவிட்டால் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் தகட்டை வைத்து எடுக்கலாம். வேலை வேகமாக நடக்கும். அந்த வருடம் ஆர்டர் குவிந்து கிடந்தது. சூப்பர்வைசர் டேப் சுற்றச் சொன்னார். சுற்ற வேண்டியது செட்டரின் வேலை.

அவர் சுற்றினார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில். காலையில் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து வரிசையாக ஒவ்வொரு மெஷினிலும் சுற்றிக்கொண்டு போவார். ஆபீசர்கள் யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் அவிழ்ப்பார். போனதும் மறுபடி சுற்றுவார். பிரஸ் ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும், ஸ்டோர்ஸில் எனக்கும் தெரியும். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஒரு முற்பகல். டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். ஸ்டோர்ஸ் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. மெஷின் சத்தம் இல்லை, மனிதச் சத்தம். நான் ஓடிப் போனபோது முனிராஜை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். வலது கையைத் துணியில் சுற்றியிருந்தார்கள். கட்டைவிரலைத் தவிர மற்றவை போய்விட்டன. மைன்ஸ் அண்ணன் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பட்டனில் டேப் அப்படியே இருந்தது. அதை அவர் அவிழ்க்கவில்லை. வேறு யாரையும் அவிழ்க்க விடவும் இல்லை. சூப்பர்வைசர் அவிழ்க்கச் சொல்லிக் கத்தினார். அவர் பட்டன் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு நின்றார்.

பத்து நாள் கழித்து விசாரணை வைத்தார்கள். வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்து விசாரித்தார். முனிராஜுக்குக் கட்டுப்போட்ட கை. கையெழுத்துப் போடக்கூட முடியாது என்பதால் துணைக்கு என்னை உட்கார அனுமதித்தார்கள். கதை ஏற்கெனவே தயாராக இருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு உட்காரலாம் என்று முனிராஜே டேப் சுற்றிக்கொண்டான். அவன் தப்பு. கான்ட்ராக்ட் ஆள், பயிற்சி போதாது. சூப்பர்வைசர் சொன்னார். பக்கத்து மெஷின்காரர் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னார். அடுத்து மைன்ஸ் அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் உட்காரவில்லை.

“டேப்ப நான்தான் சார் சுத்துனேன்.”



“யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார் வக்கீல். “அன்னைக்கு ஒரு நாளா?”

“எல்லா நாளும் சார். எல்லா மெஷின்லயும். சூப்பர்வைசர் சொன்னாரு, நான் சுத்துனேன். அந்தப் பையனுக்கு அதுல சம்பந்தமே இல்ல. அவன் வர்றதுக்கு முன்னாடியே மெஷின் அப்படித்தான் கீது.”

சூப்பர்வைசர் தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். அவருக்கு எதிராக வேறு யாரும் வாய் திறக்கவில்லை. முடிவு வந்தது. பாதுகாப்பு விதியை மீறியதாகத் தானே ஒப்புக்கொண்ட செட்டருக்கு வேலை நீக்கம். தவறு தன்மேல் இல்லாத முனிராஜுக்குக் கம்பெனி கேட்டில் உட்காரும் வேலை, இந்த முறை நிரந்தரமாக. சூப்பர்வைசர் பதவி உயர்வில் வேறு ஊர் ஆலைக்குப் போனார்.

வேலை போன மறுநாள் அவர் முனிராஜைப் பார்க்க உத்தனப்பள்ளிக்குப் போனார். நானும் கூடப் போனேன். முனிராஜ் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ரத்னம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

நிலைமையைச் சரிசெய்கிற மாதிரி நான்தான் பேசினேன். “அண்ணன் உள்ளதச் சொல்லிட்டாரும்மா. அதனாலதான் இவனுக்கு வேல நெலச்சிது. அவருக்குப் போயிட்டு.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

“சொன்னாருங்களா? நல்லதுண்ணா. சுத்தும்போது எங்க போச்சு அந்த வாயி? அப்பவே ‘நான் சுத்த மாட்டேன்’னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க வூட்டுக்காரரு கை இருந்திருக்குமே. எல்லாம் ஆனப்புறம் வந்து நான்தான் நான்தான்னு நின்னா நாங்க என்னண்ணா பண்றது?”

அவர் கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் பாதி தூக்கி, அப்படியே இறக்கிவிட்டார்.

அவரைத் தெரிந்த நாள் முதல் நான் அவரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்ததில் ஏதோ ஒன்று அந்த வாசலில் இடம் மாறிப்போனது. அவரை மதிப்பது நிற்கவில்லை. ஆனால் அந்த மதிப்பின் அடியில் ஒரு கசப்பும் வந்து தங்கிவிட்டது. பட்டதைச் சொல்ல அவரைப் போல யாருக்கும் தைரியம் வராது. படாமல் நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. வேலை கொடுத்தவன் சொன்னால் செய்துவிடுவார். இதைச் சொல்லிவிட்டு அவரை நிராகரிக்கவும் என்னால் முடியவில்லை. நாங்கள் அத்தனை பேரும் அந்த டேப்பைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே போனோம்.

பிறகு அவர் கெலவரப்பள்ளிப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் சேர்ந்தார். வெள்ளை பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே, புழுக்கத்தில், முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு செடிகளுக்கு மருந்து அடிக்கிற வேலை. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு உத்தனப்பள்ளிக்குப் போக ஆரம்பித்தார். முனிராஜ் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி வைத்திருந்தான். அதில் இறங்கிக் களை பிடுங்குவார், குச்சி நடுவார், கொடி கட்டுவார். முனிராஜ் வரப்பில் உட்கார்ந்திருப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். ரத்னம்மா மதியம் களி கொண்டுவந்து வைப்பாள். அவர் தின்றுவிட்டுப் போய்விடுவார். வருடக்கணக்கில் இப்படியே நடந்தது.

அவர்கள் மறுபடி பேசியது குந்தாரப்பள்ளிச் சந்தையில். முனிராஜுக்கு ஒரு கறவை மாட்டை விற்க வேண்டியிருந்தது. ஒற்றைக் கையால் டெம்போவில் மாட்டை ஏற்றிப் பிடித்து வர முடியாது. ரத்னம்மாதான், “நீயும் கூடப் போண்ணா” என்று அவரை அனுப்பினாள். எனக்கு அன்று விடுமுறை. நானும் தொற்றிக்கொண்டேன். காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவர் மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, பல்லைப் பார்த்து, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசி, முடித்துவிட்டார். கயிற்றை வாங்கும்போது, பேச்சுக்கு, “மடியில ஒண்ணும் கொற இல்லியே?” என்று கேட்டார். முனிராஜ் இல்லை என்று தலையாட்டினான்.

“பின்னாடி வலது காம்புல பால் வராதுங்க” என்றார் மைன்ஸ் அண்ணன்.

காவேரிப்பட்டணத்துக்காரர் கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். முனிராஜ் மைன்ஸ் அண்ணனையே பார்த்தான். நான் நடுவில் போய் நிற்கலாமா என்று யோசித்தேன். அவன் முகம் கோணி, தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

“உன்னக் கூட்டிக்கினு சந்தைக்கு வந்தேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்ணா.”

“கேட்டாருடா முனி.”

“கேப்பாங்கோ! கேக்கத்தான் செய்வாங்கோ!”

சிரிப்பு முடிந்து அவன் மாட்டின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். மாட்டைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தோம். வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது, “அண்ணனுக்கு சக்கர கம்மியா போடு” என்று முனிராஜ் கடைக்காரரிடம் சொன்னான். இத்தனை வருடம் கழித்தும் அது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் ஓசூரில் இருக்கவில்லை. மருந்து அடித்து அடித்து நெஞ்சு கெட்டுவிட்டது. படியேறினால் மூச்சு வாங்கியது, பேசினால் இருமல் வந்தது. ஒருநாள் அறையில் இருந்த பொருட்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். போன சித்திரையில் அவர் போனிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. எடுத்தால் ஒரு பெண் குரல்.

“கோலிங்களா? அவரு போன்ல கோலின்னு இருந்துச்சு. அவரு தவறிட்டாருங்க.”

நானும் முனிராஜும் மாலூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். தங்கவயலில் சுரங்கம் மூடிக் கிடக்கிறது. மண்மேடுகள் மட்டும் மலை மாதிரி நிற்கின்றன. சுரங்கத்துக்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்த தாழ்வான தகர வீடுகளின் வரிசையில் ஒன்று அவருடையது. காலையில் ஆண்கள் எல்லோரும் வேலைக்காகப் பெங்களூர் ரயிலுக்குப் போய்விட்டிருந்ததால் தூக்குவதற்கு ஆள் கம்மி. நான் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். முனிராஜ் இடது தோளில் வாங்கிக்கொண்டான். அடக்கம் செய்துவிட்டு வந்து வீட்டு முன்னால் உட்கார்ந்தோம்.

அந்த அக்கா இரண்டு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தார். மெலிந்து, நரைத்து, அழுது ஓய்ந்த முகம்.

“உங்கள எல்லாம் பத்தி எப்பவும் சொல்லிக்கினே இருப்பாரு. பிரஸ்சு ஷாப்ப மூடிட்டாங்கன்னு சொல்லி அனுப்புனாங்களே, அதுலருந்துதான் அவரு மனசு ஒடைஞ்சி போச்சு. உங்களுக்கும் அப்பதான் வேல போச்சுங்களா?”

 பிரஸ் ஷாப் இன்றைக்கும் மூன்று ஷிப்ட் ஓடுகிறது. ஊரறிய, ரெஃப்ரி அறிய, போலீஸ் அறிய, வக்கீல் அறிய எல்லாவற்றையும் சொன்ன மனிதர், இந்த ஒரு வீட்டில் மட்டும் சொல்லாமலே இருந்திருக்கிறார். நான் முனிராஜைப் பார்த்தேன்.

அதற்குள் அந்த அக்காவின் பார்வை அவன் கையில் விழுந்துவிட்டது. அவன் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“நீங்கதான முனி? லெஃப்ட்டுல ஓடுவீங்களே. கைல என்னப்பா ஆச்சு? அவரு இதச் சொல்லவே இல்லியே.”

முனிராஜ் தட்டைக் கீழே வைத்தான்.

“பிரஸ்ல மாட்டிக்கிச்சுக்கா. என் தப்புதான். சீக்கிரம் முடிக்கலாம்னு பட்டன்ல நானே டேப் சுத்திக்கினேன்.” அக்காவை நிமிர்ந்து பார்த்தான். “அண்ணன் வேணாம்டான்னு எவ்வளவோ சொன்னாரு. நான்தான் கேக்கல.”

நான் தலையைத் தூக்கவில்லை. அந்த அக்கா மெதுவாகத் தலையை ஆட்டினார். அன்று முதல்முறையாக அவர் முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்தது.

“சொல்லியிருப்பாரு. அவரு சொல்ற ஆளுதான்,” என்றார். “நீங்க கேட்டிருக்கலாம் இல்ல தம்பி?”

“ஆமாக்கா,” என்றான் முனிராஜ். “கேட்டிருக்கணும்.”